மழைக்கு ஏழு நாள் முன்னால்

கரிசலில் கம்பு விதைப்பதற்கு என்ன வேண்டும் என்று பசுவந்தனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாடு வேண்டும், கலப்பை வேண்டும், விதை வேண்டும். புரட்டாசி பிறந்ததும், மழைக்கு முந்தி, காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டுவிட வேண்டும். மழை விழுந்துவிட்டால் கரிசல் களியாகிவிடும். மாட்டுக் கால் முழங்கால் வரைக்கும் இறங்கும், எட்டு நாளைக்கு உள்ளே போக முடியாது. அதற்குள் பருவம் தாண்டிவிடும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்கள் பதினெட்டுப் பேர் கோவில்பட்டியில், ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது என்பதற்காகவே ஒரு கட்டடமும், ஒரு ஜீப்பும், எட்டு மின்விசிறியும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்குப் பெயர் கரிசல் நில அபிவிருத்தி ஆராய்ச்சிக் கழகம்.

கழகத்தின் இயக்குநர் டாக்டர் பூவனநாதன். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் ஒரு ஆராய்ச்சியையும் முடித்தவர் இல்லை. ஆனால் நாற்பத்தொரு செய்முறை அத்தியாயம் எழுதியிருந்தார். ஆராய்ச்சியை எப்படிச் செய்யப் போகிறோம் என்று முன்கூட்டி எழுதுவதுதான் செய்முறை அத்தியாயம். அதை ஒழுங்காக எழுதிவிட்டால் ஆராய்ச்சி முடிந்த மாதிரிதான் என்பது அவர் கட்சி. முடிவு, விளைச்சல் இதெல்லாம் அவசரக்காரர்கள் எழுதுகிற அத்தியாயம் என்று மூக்கைச் சுளிப்பார்.

எண்பத்துமூன்றாம் வருஷம் ஆடி மாதம் அவருக்கு நாற்பத்திரண்டாவது யோசனை வந்தது. புழுதியில் விதைத்தால் விளைச்சல் கூடுமா, மழைக்குப் பிறகு விதைத்தால் கூடுமா? இதைக் கண்டுபிடிக்க ஒரு நிலம் தேவைப்பட்டது. நாமாகப் பார்த்து எடுத்தால் அது ஓரவஞ்சனை என்று பசுவந்தனையின் சர்வே எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். முதல் சீட்டு ஊர்க் கண்மாய். இரண்டாவது சுடுகாடு. "விழுந்த எண்ணை மாற்ற நாம் யார்?" என்று இயக்குநர் கேட்டதில், கண்மாய்க்குள் கம்பு விதைக்கலாமா என்று இரண்டு வாரம் கூட்டம் நடந்தது. சுடுகாட்டில் விதைக்க யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அங்கே இருக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்க முடியாது என்பதுதான் தடங்கல். மூன்றாவது சீட்டு கருத்தப்பாண்டியின் நாலு ஏக்கர்.

கருத்தப்பாண்டி பாவப்பட்ட மனுஷன். பேன்ட் போட்ட ஆளைக் கண்டால் தோளில் கிடக்கிற துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். ஜீப்பில் வந்தவர்கள் விதை இலவசம் என்றார்கள். ஆவணிக்குள் செய்முறை அத்தியாயம் முடிந்துவிடும் என்றார்கள். அது வரைக்கும் நிலத்துக்குள் கலப்பையோ விதையோ போகக் கூடாது, போனால் அரசாங்கத்து விதை, உரம், கிணற்றுக் கடன் எதுவும் ஆயுசுக்கும் கிடையாது என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. போட்டுக் கொடுத்தார் கையெழுத்து.

"படிச்சுப் பாத்தீங்களா?" என்றாள் பெத்தம்மாள், அவர் மனைவி.

"பெரிய அதிகாரி நிக்காரு. அவர முன்னால வச்சிக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுதியா?"

"நல்லா இருக்கு உங்க மரியாதை. தானியம் கொட்டுற குலுக்கையில குனிஞ்சு பாத்தா அடி தெரியுது. போன வருசம் மழை ஏமாத்திருச்சு. இந்த வருசம் இவனுவ ஏமாத்தினா எங்கன போயி நிக்க?"

அவள் கேட்டதில் தப்பில்லை. இந்தத் தடவையும் நிலம் தரிசாகக் கிடந்தால் மாடு ரெண்டையும் விற்றுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போக வேண்டியதுதான்.

ஆவணி பிறந்தது. கருத்தப்பாண்டி பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனார், அத்தியாயம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க. முதல் பத்தியின் முதல் வார்த்தையில் இருந்தது. அந்த வார்த்தை புழுதி.

"புழுதி என்றால் என்ன?" என்று இயக்குநர் மேசையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் கருத்தப்பாண்டியைப் பார்த்தார்கள்.

"புழுதின்னா புழுதிதான்யா. கையில அள்ளினா விரலிடுக்குல வழிஞ்சு ஓடிரும்."

புள்ளியியல் நிபுணர் தங்கச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருடைய கை? விரலிடுக்கு ஆளுக்கு ஆள் மாறுமே!"

அது பெரிய கேள்வியாகப் போய்விட்டது. மூன்று கூட்டம் ஓடியது. கடைசியில் நிலையான கை ஒன்று தேவை என்று தீர்மானம் போட்டு, இயக்குநரின் வலது கையை அளந்து, படம் வரைந்து, முத்திரை குத்தினார்கள். இனி அவர் கையில் அள்ளி வழிந்தால்தான் அது புழுதி. மறு வாரம் அவர் மச்சினன் கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டார். அந்தப் பத்து நாளும் மாவட்டத்தில் எங்கேயும் புழுதி இல்லை என்று கழகத்தின் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறது. பசுவந்தனைப் பாதையில் பஸ் போனால் பின்னால் வருகிறவன் கண்ணைத் திறக்க முடியாது, அது வேறு விஷயம்.

நாலாவது கூட்டத்தில் விதைக்கிறவரைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். இயக்குநர் எழுந்து நின்று பேசினார். அவருக்கு உட்கார்ந்து பேச வராது.

"செய்முறை அத்தியாயம் எப்படி இருக்க வேண்டும்? கரிசலைக் கண்ணால் பார்க்காதவன், கலப்பையைத் தொடாதவன், அவன் இதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பச் செய்ய வேண்டும். எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாராவது கலப்பையைத் தொட்டிருக்கிறோமா? அதனால்தான் எங்களால் இதை நடுநிலையோடு எழுத முடிகிறது." கைதட்டினார்கள். கருத்தப்பாண்டியும் தட்டி வைத்தார்.

பிறகு அவரை நிற்க வைத்து உயரம் எடுத்தார்கள். பாதத்தின் நீளம், எட்டு வைக்கிற தூரம், முதலில் எடுத்து வைக்கிற கால் எது, எல்லாம் குறித்தார்கள்.

"காலையில் என்ன சாப்பிட்டீர்?" என்றார் தங்கச்சாமி.

"கம்பங்கஞ்சிங்கய்யா. கடிச்சுக்கிட வெங்காயம்."

"எத்தனை வெங்காயம்?"

"ரெண்டு."

"எப்போதும் ரெண்டா?"

கருத்தப்பாண்டி யோசித்தார். இல்லாத வீட்டில் வெங்காயக் கணக்கு என்னத்தைச் சொல்வது? "சில நாளைக்கு ஒண்ணு. சில நாளைக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு கிளம்பியது. இவ்வளவு நிலையில்லாத மனிதரை வைத்து எப்படி ஆராய்ச்சி நடத்துவது என்று இரண்டு கூட்டம் வருத்தப்பட்டார்கள். விதைப்புக்கு முந்தின பதினைந்து நாளும் அவர் தினம் ரெண்டு வெங்காயம் தின்ன வேண்டும் என்று அத்தியாயத்தில் சேர்த்தார்கள். வெங்காயம் வாங்கித் தருவார்களா என்று அவர் கேட்டதற்கு, அது நிதிக்குழு பார்க்க வேண்டியது, செய்முறையில் வராது என்றார்கள்.

இத்தனையையும் டைப் அடித்தவர் ஜமால் முகம்மது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் பக்கத்திலிருந்து திரும்ப அடிக்க வேண்டும். ஏழாவது தடவை அடித்து முடித்துவிட்டு, மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த கருத்தப்பாண்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சிக்கோங்க. இங்கன நான் வந்து ஒம்போது வருசமாச்சு. இந்த ஆபீசுல ஒரு விதை மண்ணுல விழுந்து நான் பாத்ததில்ல."

"ஆவணியில முடிஞ்சிரும்னாவளே பாய்?"

"எந்த ஆவணின்னு சொன்னாவளா?"

கருத்தப்பாண்டி புரட்டாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்.

புரட்டாசி பிறந்துவிட்டது. ஊரில் ஏர் பூட்டிவிட்டார்கள். எட்டாவது கூட்டம் கருத்தப்பாண்டியின் நிலத்திலேயே நடந்தது. இயக்குநர் குடைக்குக் கீழே நின்றார். ஏக்கர் ரெண்டு புழுதி விதைப்புக்கு, ரெண்டு மழைக்குப் பிந்தி விதைப்பதற்கு என்று கயிறு கட்டியிருந்தார்கள்.

"இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது" என்றார் இயக்குநர். "இந்த நிலம் இவருடையது. இவருக்கு இதன் மேல் பாசம் இருக்கிறது. நன்றாக விளைய வேண்டும் என்று இவர் நினைக்கிறார். அறிவியலில் பாசம் ஒரு பிழை. விளையட்டும் என்று நினைக்கிறவன் கையில் விதையைக் கொடுக்கலாமா? எங்களைப் பாருங்கள். விளைந்தாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை, விளையாவிட்டாலும் ஒன்றுமில்லை. சம்பளம் முதல் தேதி வந்துவிடும். அந்த மனநிலை விதைக்கிறவருக்கும் வர வேண்டும்."

மனநிலையைக் கொண்டுவர வழி கண்டுபிடித்தார்கள். எந்தப் பாதியில் விதைக்கிறோம் என்று அவருக்கே தெரியக் கூடாது, ஆகவே கண்ணைக் கட்டிக்கொண்டு விதைக்க வேண்டும். மாடு வழி காட்டிவிடக் கூடாதே என்று தங்கச்சாமிக்குச் சந்தேகம் வந்து, மாட்டுக்கும் கட்டினார்கள். விதை இல்லாமல் ஒரு ஒத்திகை நடந்தது. கருத்தப்பாண்டியும் ரெண்டு மாடும் நேரே போய் மேற்கு ஓரத்து உடைமரத்தில் ஏறினார்கள். அவருக்கு முதுகில் ஏழு முள். பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் ஏரை நிறுத்திவிட்டு வந்து பார்த்து, சிரிக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்கள். தங்கச்சாமி, "பாசம் குறைந்திருக்கிறது" என்று எழுதிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பெத்தம்மாள் ஊக்கால் முள்ளை எடுத்துக்கொண்டே பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அது நல்லதுக்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

"ஏட்டி, ஏதாச்சும் சொல்லேன்."

"என்னத்தச் சொல்ல? கூறுகெட்ட பயலுவ மாட்டுக் கண்ணக் கட்டினானுவ. உங்க கண்ண ஆடியிலேயே கட்டிட்டானுவ."

ஒன்பதாவது கூட்டத்தில்தான் அந்த வரி வந்தது. புழுதி விதைப்பு, முதல் மழைக்குச் சரியாக ஏழு நாள் முன்னால் நடக்க வேண்டும். ஆறு நாளும் கூடாது, எட்டு நாளும் கூடாது. எல்லாரும் அதை ரசித்துத் தலையாட்டினார்கள். கருத்தப்பாண்டி முதல் தடவையாகத் தானாக வாயைத் திறந்தார்.

"ஐயா, மழை என்னைக்கு வரும்னு முன்கூட்டி எப்படிய்யா தெரியும்?"

இயக்குநர் அவரைக் கருணையோடு பார்த்தார்.

"அதை நீர்தான் எழுதித் தர வேண்டும். நிலம் உம்முடையது, மழையும் உம்முடைய நிலத்தில்தான் பெய்யப் போகிறது."

அதற்கு ஒரு படிவம் தயாராக இருந்தது. மூன்று பிரதி. முதல் மழை பெய்யும் தேதி, நேரம், பெய்யும் திசை, உத்தரவாதம் அளிப்பவர் கையொப்பம். தேதியை எழுதாமல் வெளியே விடமாட்டார்கள் போலிருந்தது. மனுஷன் வாய்க்கு வந்தபடி புரட்டாசி இருபத்தைந்து என்று எழுதினார். அப்படியானால் பதினெட்டாம் தேதி விதைப்பு. அதற்கு முன் இன்னும் ரெண்டே ரெண்டு கூட்டம் போட்டு அத்தியாயத்தை நிறைவேற்றிவிடுவோம் என்று இயக்குநர் அவர் முதுகில் தட்டினார், முள் குத்திய இடத்திலேயே.

பதினொன்றாவது கூட்டம் புரட்டாசி பதினான்கு. அன்றைக்குக் காலையில் கிழக்கே மேகம் கறுத்துக் கிடந்தது. ஊரில் எல்லாரும் விதைத்து முடித்தாயிற்று, கருத்தப்பாண்டியின் நாலு ஏக்கர் மட்டும் கயிற்றுக்கு நடுவில் வெறுமையாகக் கிடந்தது. அவர் பஸ் ஏறினார். மாடியில் அன்று முழுவதும் நடந்த விவாதம், விதைப்பையில் விதை எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போடுவதா, போட்டுவிட்டு எண்ணுவதா என்பது. அவருக்குக் காது அடைத்துவிட்டது. ஜன்னல் வழியாக மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய, கூட்டத்தை நாளைக்கு ஒத்திவைத்தார்கள்.

அவர் ஊர் திரும்பியபோது பெத்தம்மாள் வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்கால் வரைக்கும் கறுப்புப் புழுதி. மாடுகள் நுரை தள்ளி நின்றன. அவள் தம்பி பெருமாள்சாமி கலப்பையைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"நாலு ஏக்கரும் போட்டாச்சு" என்றாள்.

"அடிப்பாவி! கையெழுத்துப் போட்டிருக்கேனட்டி!"

"நீங்க போட்டிருக்கீங்க. நான் போட்டனா?"

"விதை ஏது?"

"கம்மல வச்சு வாங்கினேன். கவர்மெண்டு விதை வந்த பெறவு பாத்துக்கிடுவோம்."

கருத்தப்பாண்டி தலையில் கையை வைத்து உட்கார்ந்தார். ஆயுசுக்கும் விதை கிடையாது, உரம் கிடையாது, கடன் கிடையாது. ஆனாலும் அன்றைக்குத்தான் ரெண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டார். அதை ஏன் மறைக்க வேண்டும், சந்தோஷம்தான்.

பதினேழாம் தேதி மத்தியானம் மழை இறங்கியது. கொட்டித் தீர்த்தது. கழகத்திலிருந்து மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. இருபத்தைந்தாம் தேதி என்று தாங்கள் உத்தரவாதம் அளித்த மழை பதினேழாம் தேதியே பெய்ததற்குத் தங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலமாக விளக்கவும். இந்த வருஷத்து மழை செய்முறைக்குக் கட்டுப்படாததால் அது மழையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று கீழே ஒரு குறிப்பு. கணக்கில் வராத மழையில் நாலு ஏக்கரும் ஒன்றுபோல் முளைத்தது.

ஐப்பசிக் கடைசியில் ஜீப் வந்தது, அடுத்த மழைக்கு ஆராய்ச்சியை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று இடம் பார்த்துப் போக. பின்னால் ஒரு வேனும் வந்தது, கயிற்றைச் சுற்றிப் புல் பூண்டு வெட்ட நாலு கூலி ஆட்களோடு. கம்பு இடுப்பளவு நின்றது. தோகை ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் பாதை வரைக்கும் கேட்டது. இயக்குநர் ஜீப்பை விட்டு இறங்கி ஒரு தோகையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"கம்புய்யா" என்றார் கருத்தப்பாண்டி.

"எந்தச் செய்முறைப்படி முளைத்தது?"

"அவ போட்டா, மழை பெஞ்சுது, முளைச்சிருச்சு."

"அப்படியெல்லாம் முளைக்க முடியாது" என்றார் இயக்குநர். குரலில் கோபம்கூட இல்லை. "அத்தியாயம் நிறைவேறவில்லை. அத்தியாயத்துக்கு உட்படாமல் நிலத்தில் நிற்கிற எதுவும் களை. களையை எடுத்துவிட்டால் நிலம் மறுபடியும் ஆராய்ச்சிக்குத் தயாராகிவிடும். உமக்கும் ஒப்பந்தத்தை மீறின பேச்சு வராது. இறங்குங்கப்பா."

கூலி ஆட்கள் அரிவாளோடு இறங்கினார்கள். பயிரைப் பார்த்ததும் அவர்களுக்கே கால் எழவில்லை. பெத்தம்மாள் ஓடிப்போய் முன்னால் நின்றாள். "கதிர் தள்ளப் போற பயிரடா! கைய வச்சா வெளங்குவீங்களாடா? நெஞ்சுல ஈரம் இல்லியா உங்களுக்கு?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் புஞ்சையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். இயக்குநர் சலனமில்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கருத்தப்பாண்டிக்குச் சண்டை போடத் தெரியாது. பதினொரு கூட்டம் உட்கார்ந்து கேட்டதுதான் தெரியும். துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, வெட்டுங்க. நான் தடுக்கல. ஒரே ஒரு சந்தேகம். வெட்டுறதுக்குச் செய்முறை எழுதியாச்சுங்களா?"

இயக்குநரின் கை கடிகாரத்திலேயே நின்றது.

"வேரோட எடுக்கவா, அடியில அறுக்கவா? வடக்க இருந்து ஆரம்பிக்கவா, தெக்க இருந்தா? ஒரு ஆளு எடுக்குறதும் இன்னொரு ஆளு எடுக்குறதும் ஒண்ணுபோல இருக்கணும்லா? இந்த நாலு பேரும் காலையில என்ன தின்னாவன்னு தெரியாது. போதாததுக்கு இவியளும் சம்சாரிக, உழுது பொழைக்கிறவுக, பயிருன்னா பாசம் இருக்கும். நாளைக்கு மேல இருந்து கேட்டா ஐயா என்ன பதில் சொல்லுவிய?"

தங்கச்சாமியின் முகம் வெளுத்தது. "ஐயோ, ஆமா! இது வரைக்கும் களை நீக்கத்துக்கு நம்மிடம் ஒரு அத்தியாயமும் இல்லை!"

இயக்குநர் மெல்லத் திரும்பினார். அவர் கண்ணில் வெளிச்சம் ஏறியிருந்தது. ரெண்டு எட்டு எடுத்து வைத்துக் கருத்தப்பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாளில் அறிவியல் பேசிய முதல் விவசாயி நீர்தான். நாற்பத்துமூன்றாவது அத்தியாயம்!" என்றார். அரிவாள்களை வாங்கி வேனில் போடச் சொன்னார். செய்முறை முடிகிற வரைக்கும் பயிரை ஒருத்தரும் தொடக் கூடாது, ஆடு மாடு உட்பட, என்று ஒரு பலகையும் நட்டு, காவலுக்கு ஆளும் போட்டுவிட்டுப் போனார். அந்த வருஷம் குருவிகூட அண்டாமல் கம்பு விளைந்தது ஊரிலேயே அந்த ஒரு புஞ்சையில்தான்.

தை மாதம் கருத்தப்பாண்டி கதிரை அறுத்தார். காவல்காரனும் கூடமாட நின்று அறுத்தான். குலுக்கை நிறைந்தது, கம்மல் திரும்பி வந்தது, மாடு ரெண்டும் தொழுவத்தில் நின்றன. ஜமால் முகம்மது பாய் வீட்டுக்கு ஒரு மூட்டை கம்பு போயிற்று.

மாசிக் கடைசியில் களை நீக்க அத்தியாயம் நிறைவேறியது, நூற்று நாலு பக்கம். இயக்குநர் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். நிலத்தில் கம்பந்தட்டையின் அடிக்கட்டை மட்டும் இருந்தது. தங்கச்சாமி நாலு மூலைக்கும் நடந்து எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், ஒரு பயிர் இல்லை! நூற்றுக்கு நூறு நீங்கிவிட்டது."

"செய்முறை சரியாக இருந்தால் ஆளே தேவையில்லை என்று நான் சொல்லவில்லையா?" என்றார் இயக்குநர். அதற்காகப் பட்டணத்தில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்த மேடையிலேயே அறிவித்தார்: "ஒரு புஞ்சையில் வெற்றி கண்டுவிட்டோம். வருகிற ஆடி முதல் இதே செய்முறையைத் தாலுகா முழுவதற்கும் கொண்டுபோகிறோம். ஒரு இடத்திலும் பயிர் நிற்காது."

செய்தியைப் பேப்பரில் பார்த்த ஜமால் முகம்மது, அந்தத் தாளோடு அடுத்த பஸ்ஸில் பசுவந்தனைக்கு வந்து சேர்ந்தார். கருத்தப்பாண்டியும் அவருமாக அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

ஆடியில் ஜீப் வந்தது. நாற்பது ஒப்பந்தமும் நாலு பேனாவும் கொண்டுவந்திருந்தார்கள். ஊரில் ஒருத்தருக்கும் கையெழுத்துப் போடத் தெரியவில்லை. கட்டை விரலை நீட்டச் சொன்னால், அத்தனை பேர் விரலிலும் கட்டுப் போட்டிருந்தது. கடைசியாகப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் பேனாவை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தனக்கும் எழுத வராது என்று பணிவோடு சொன்னார். அவருக்கு மூணு ஏக்கர் கரிசல் இருந்தது.